பெல்கிரேடுக்குப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்: பார்க்க, சாப்பிட, இரவில் உலாவ

செர்பியாவின் தலைநகரான பெல்கிரேடுக்கு நான் மூன்று முறை போய் வந்திருக்கிறேன். ஊர் திரும்பியதும் நண்பர்களும் உறவினர்களும் கேட்பவை ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். வியன்னாவரை, புடாபெஸ்ட்வரை போகிற நம்மவர்கள், அதே டான்யூப் நதிக்கரையில் கொஞ்சம் கீழே இருக்கும் இந்த ஊரைத் தொடாமலே திரும்பிவிடுகிறார்களே என்ற ஆதங்கம் எனக்கு உண்டு. அதனால்தான் பதில்களை விரிவாகவே எழுதி வைக்கிறேன்.

பெல்கிரேடில் அப்படி என்ன இருக்கிறது?

வரிசையாக அரண்மனைகளையும் பொன்முலாம் பூசிய மண்டபங்களையும் எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமாக இருக்கும். சாவா நதி டான்யூபில் கலக்கும் மேட்டில் அமைந்த ஊர் இது. அந்த மேட்டைப் பிடித்தவன் இரண்டு நதிகளையும் பிடித்தான். ஆகவே வந்தவரெல்லாம் இதற்காக அடித்துக்கொண்டார்கள். ரோமானியர் காலத்தில் இதன் பெயர் சிங்கிதுனும். 1521இல் துருக்கிய சுல்தான் சுலைமான் பிடித்தார். பிறகு ஆஸ்திரியர்களும் துருக்கியர்களும் மாறி மாறிப் பிடித்தார்கள். முதல் உலகப்போரின் முதல் குண்டுகள் 1914 ஜூலை இறுதியில் இந்த நகரத்தின்மீதுதான் விழுந்தன. 1941 ஏப்ரல் 6 அன்று ஹிட்லரின் விமானங்கள் வந்தன. 1944இல் நேச நாடுகளின் விமானங்கள். 1999இல் நேட்டோ விமானங்கள்.

ஒரே தெருவில் துருக்கியர் கால ஓட்டு வீடு, அதை ஒட்டி ஆஸ்திரிய பாணி மாளிகை, அதற்கடுத்து சோஷலிசக் காலத்துக் கான்கிரீட் அடுக்கு, நடுவே ஒரு காலிமனை என்று நிற்பதற்குக் காரணம் இதுதான். கட்டடங்கள் திரும்பத் திரும்ப இடிந்தாலும், சாயங்காலமானால் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்து பேசும் பழக்கம் மட்டும் இடியவே இல்லை. அதைக் காணத்தான் இங்கே போக வேண்டும். பகலில் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டம் போடுங்கள். மாலை ஆறு மணிக்குமேல் ஒன்றும் போடாதீர்கள்.

விசா வேண்டுமா?

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு முன்பு 30 நாள் விசா இல்லாமல் அனுமதி இருந்தது. 2023 ஜனவரி 1 முதல் அது நின்றுவிட்டது. இப்போது விசா வேண்டும். இலங்கைக் கடவுச்சீட்டுக்கும் அப்படியே. ஆனால் செல்லுபடியாகும் ஷெங்கன் விசா (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவானது), பிரிட்டன் விசா அல்லது அமெரிக்க விசா கையில் இருந்தால் செர்பியாவுக்குத் தனி விசா தேவையில்லை. 180 நாளில் 90 நாள்வரை தங்கலாம். விதிகள் மாறக்கூடியவை, டிக்கெட் எடுக்குமுன் தூதரக அறிவிப்பை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இதில் பலர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. செர்பியா ஷெங்கன் பகுதியில் சேராத நாடு. ஒரே ஒரு முறை நுழையும் ஷெங்கன் விசாவோடு வியன்னாவிலிருந்து பெல்கிரேடுக்கு வந்துவிட்டால், திரும்ப வியன்னாவுக்குள் விடமாட்டார்கள். பலமுறை நுழையும் விசாவா என்று பாருங்கள். இல்லையென்றால் பெல்கிரேடைப் பயணத்தின் கடைசி ஊராக வைத்து அங்கிருந்தே ஊருக்கு விமானம் ஏறுங்கள்.

இன்னொன்று: வந்த 24 மணி நேரத்துக்குள் உங்கள் தங்குமிடம் காவல்துறையில் பதிவாக வேண்டும். ஓட்டல்கள் தாங்களே செய்துவிடும். தனி வீட்டில் வாடகைக்குத் தங்கினால் வீட்டுக்காரரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள்.

எந்த மாதம் நல்லது? எத்தனை நாள் வேண்டும்?

ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் வரை, இல்லையென்றால் செப்டம்பர். ஜூலை, ஆகஸ்டில் வெயில் 35 டிகிரியைத் தாண்டும். ஊர்க்காரர்களே கடலோரத்துக்குப் போய்விடுவார்கள். குளிர்காலத்தில் தென்கிழக்கிலிருந்து கோஷவா என்றொரு காற்று அடிக்கும். நாள்கணக்கில் ஓயாமல் அடிக்கும் அந்தக் காற்றில் காதுகளை மூடாமல் நடக்க முடியாது.

என்னைக் கேட்டால் செப்டம்பர்தான். அப்போது வீட்டுக்கு வீடு சிவப்புக் குடைமிளகாயைச் சுட்டு ஆண்டு முழுவதுக்குமான அய்வார் என்ற தொக்கு செய்து வைப்பார்கள். நம் ஊரில் வற்றல், வடாம் போடும் காலம் மாதிரி. ஊர் முழுக்க மிளகாய் சுடும் வாசனை. நாள் என்றால் முழுதாக மூன்று நாள் போதும்.

கோட்டையைப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்?

பார்க்க இரண்டு மணி நேரம். ஆனால் எழுந்து வர மனம் வராது. இந்தக் கோட்டைப் பகுதிக்குப் பெயர் கலெமெக்தான். துருக்கியச் சொற்கள் சேர்ந்த பெயர் அது: 'கலே' கோட்டை, 'மெய்தான்' நம் மைதானம்தான். பாரசீக, அரபு வழியாக நமக்கு வந்த அதே சொல் துருக்கி வழியாக அவர்களுக்குப் போயிருக்கிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது. பொதுப் பூங்கா மாதிரி எப்போதும் திறந்தே இருக்கும்.

கோட்டை முனையில் உயரமான தூணின் மேல் நிற்பவர் 'போபெத்னிக்', அதாவது வெற்றியாளர். இவான் மெஷ்ட்ரோவிச் செய்த சிலை. ஒரு கையில் வாள், மறு கையில் வல்லூறு. ஊர் நடுவில் வைப்பதாகத்தான் முதலில் இருந்தது. சிலை நிர்வாணமாக இருந்ததால் எதிர்ப்புக் கிளம்பி, 1928இல் கோட்டைக்கு வந்து, ஊருக்கு முதுகையும் நதிக்கு முகத்தையும் காட்டி நின்றுவிட்டது.

கோட்டைச் சரிவில் ருஷிட்சா என்ற சின்னத் தேவாலயம் இருக்கிறது. உள்ளே தொங்கும் சரவிளக்குகளை அருகில் போய்ப் பாருங்கள். முதல் உலகப்போரின் தோட்டாக் கூடுகளையும் வாள்களையும் கொண்டு செய்தவை அவை. கோட்டையில் 'ரோமானியக் கிணறு' என்று ஒன்றும் உண்டு. உண்மையில் அதைத் தோண்டியவர்கள் 18ஆம் நூற்றாண்டு ஆஸ்திரியர்கள்.

சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய், சாவா டான்யூபில் கலக்கும் பக்கத்து மதில்மேல் இடம் பிடியுங்கள். பள்ளிப் பிள்ளைகள், காதலர்கள், சதுரங்கம் ஆடும் தாத்தாக்கள் என்று எல்லாரும் அங்கே இருப்பார்கள்.

புனித சாவா தேவாலயம் ஏன் அவ்வளவு முக்கியம்?

சாவா 13ஆம் நூற்றாண்டில் செர்பியத் திருச்சபைக்கு முதல் பேராயராக இருந்தவர். அரச குடும்பத்தில் பிறந்து துறவியானவர். 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் செர்பியர்கள் கலகம் செய்தபோது, துருக்கியத் தளபதி அவருடைய உடலைக் கொண்டுவந்து வ்ராச்சார் குன்றில் எரித்தார். அந்தக் குன்றின்மேல் எழுந்த கோயில் இது. 1935இல் தொடங்கி 1941இல் போரால் நின்று, 1985இல்தான் மீண்டும் வேலை ஆரம்பித்தது. 4,000 டன் எடையுள்ள குவிமாடத்தைத் தரையிலேயே கட்டி 1989இல் மேலே தூக்கி வைத்தார்கள்.

வெளியே வெள்ளைச் சலவைக்கல். உள்ளே தலைக்குமேல் முழுவதும் பொன்னிற மொசைக். கீழ்த்தளத்து நிலவறையைத் தவறவிடாதீர்கள். முழங்கால் மறையும் உடை நல்லது. மெழுகுவத்தி ஏற்றுவதானால் கவனியுங்கள்: மேல்தட்டு உயிரோடு இருப்பவர்களுக்கு, கீழ்த்தட்டு இறந்தவர்களுக்கு. தெரியாமல் அம்மா பெயரைச் சொல்லிக் கீழே ஏற்றப்போன என் கையைப் பிடித்து, ஒரு பாட்டி மேல்தட்டுக்கு நகர்த்தினார். மொழி தெரியாமலே அவருக்கு என் மனம் புரிந்திருந்தது.

நிக்கோலா டெஸ்லா அருங்காட்சியகம் குழந்தைகளுக்குப் பிடிக்குமா?

நிச்சயமாக. சின்ன வீடுதான். வழிகாட்டி எல்லார் கையிலும் குழல்விளக்கைக் கொடுத்துவிட்டு டெஸ்லா சுருளை இயக்குவார். கம்பியே இல்லாமல் விளக்குகள் கையில் எரியும். என் மகள் இன்றும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஆங்கிலத்தில் விளக்கும் நேரம் எது என்று முன்பே கேட்டுப் போங்கள்.

மின்சார விஞ்ஞானி டெஸ்லா இந்த ஊர்க்காரர் இல்லை. இன்றைய குரோவேஷியாவில் ஒரு செர்பியக் குடும்பத்தில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்தவர். பெல்கிரேடுக்கு வந்தது 1892இல் ஒரே ஒரு முறை. ஆனால் அவருடைய ஆவணங்களும், பொன்னிறக் கோளம் ஒன்றில் அவருடைய சாம்பலும் இங்கேதான் இருக்கின்றன. நியூயார்க்கில் அவரைச் சந்தித்த விவேகானந்தர், பிராணன், ஆகாசம் பற்றிய வேதாந்தக் கருத்துகளை அவர் ஆர்வத்தோடு கேட்டதாக 1896ஆம் ஆண்டுக் கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

குண்டுவீச்சில் சிதைந்த கட்டடங்களைப் பார்க்கப் போகலாமா? அது தப்பா?

போகலாம், மரியாதையோடு போக வேண்டும். 1999 மார்ச் 24இல் தொடங்கி 78 நாள் நடந்தது நேட்டோ தாக்குதல். க்னேஸா மிலோஷா தெருவில் இருந்த ராணுவத் தலைமையகம் அப்போது சிதைந்து, பல ஆண்டுகளாக அப்படியே நின்றது. அதை என்ன செய்வது என்பதில் ஊரே இரண்டுபட்டுக் கிடந்தது. அதன்முன் சிரித்துக்கொண்டு படம் எடுக்காதீர்கள்.

தஷ்மைதான் பூங்காவில் ஒரு கல் இருக்கிறது. (இந்தப் பெயரிலும் மைதானம் வருவது போல ஒலிக்கிறது, ஆனால் இது 'கல் குவாரி' என்ற துருக்கியச் சொல்லிலிருந்து வந்தது.) அந்த ஏப்ரலில் அரசுத் தொலைக்காட்சி நிலையத்தின்மீது குண்டு விழுந்து இறந்த 16 ஊழியர்களின் பெயர்கள் அதில் உள்ளன. மேலே ஒரே சொல்: 'ஸாஷ்டோ?' ஏன்? அந்தக் கேள்வி குண்டு போட்டவர்களுக்கு மட்டும் அல்ல, ஊழியர்களை வெளியேற்றாமல் உள்ளே வைத்திருந்த சொந்த நாட்டு மேலதிகாரிகளுக்கும் சேர்த்தே என்று இறந்தவர்களின் குடும்பங்கள் சொல்லிவந்தன. நான் அதிக நேரம் நின்ற இடம் அதுதான்.

கொசாஞ்சிச்செவ் வெனட்ஸ் என்ற பழைய மேட்டுத் தெருவில், 1941இல் எரிந்துபோன தேசிய நூலகத்தின் அடித்தளம் புல் முளைத்துக் கிடக்கிறது. யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை அறிந்தவர்களுக்கு அதற்குமேல் நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

டிட்டோ, நேரு காலத்து இடங்கள் ஏதாவது மிஞ்சியிருக்கின்றனவா?

இருக்கின்றன. செர்பியாவும் சேர்ந்திருந்த பழைய யுகோஸ்லாவியாவை ஆண்டவர் டிட்டோ. அணிசேரா நாடுகளின் முதல் மாநாடு 1961 செப்டம்பரில் இங்கேதான் நடந்தது. நேரு வந்தார், இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கா வந்தார். சாவாவின் மறுகரையில், நியூ பெல்கிரேடில், வந்த தலைவர்கள் மரம் நட்ட நட்புப் பூங்கா இருக்கிறது. அதே நியூ பெல்கிரேடில் நேரு பெயரிலும் காந்தி பெயரிலும் தெருக்கள் உண்டு.

டிட்டோவின் சமாதி 'மலர் இல்லம்' என்ற கண்ணாடிக் கூரைக் கட்டடத்தில் இருக்கிறது. யுகோஸ்லாவியா அருங்காட்சியகத்தின் ஒரு பகுதி. அவர் பிறந்தநாளுக்காக நாடு முழுவதும் கைமாறி ஓடிவந்த தொடர் ஓட்டத் தடிகளை அங்கே அடுக்கி வைத்திருக்கிறார்கள். அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் திங்கட்கிழமை விடுமுறை. நாளைப் பார்த்துக்கொண்டு போங்கள்.

மொழி தெரியாமல் சமாளிக்க முடியுமா?

இளைஞர்கள் நன்றாக ஆங்கிலம் பேசுகிறார்கள். செர்பிய மொழியை சிரில்லிக், லத்தீன் இரண்டு எழுத்துகளிலும் எழுதுவார்கள். இரண்டிலும் 30 எழுத்து, ஒரு எழுத்துக்கு ஒரே ஒலி. எழுதியபடியே வாசிக்கலாம் என்பதால் விமானத்திலேயே சிரில்லிக்கைக் கற்றுவிடலாம்.

துருக்கியர் விட்டுப்போன சொற்களில் நமக்குத் தெரிந்தவையும் உண்டு. ஊரின் மையச் சதுக்கம் தெராஸியே. பழைய தண்ணீர்க் கோபுரத்துக்கு வழங்கிய துருக்கியப் பெயர். அதன் மூலப் பொருள் தராசு, சொல்லும் தராசின் உடன்பிறப்பு. சட்டைப்பையை 'ஜெப்' என்பார்கள். நம் பாட்டிமார் சொல்லும் ஜேப்பு. சர்க்கரை 'ஷெச்செர்'. பழைய மிட்டாய்க்கடை ஒன்றின் பெயர் 'பெலிவான்', நம் பயில்வான்தான். 'தோபர் தான்' என்றால் வணக்கம், 'ஹ்வாலா' என்றால் நன்றி. இரண்டு போதும், முகம் மலரும்.

நாங்கள் சைவம். பட்டினி கிடக்க வேண்டியதுதானா?

எல்லாரும் இப்படித்தான் பயமுறுத்துகிறார்கள். ஒரே ஒரு சொல்லைக் கற்றுக்கொண்டு போங்கள்: 'போஸ்னோ'. விரதச் சாப்பாடு என்று பொருள். ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் புதன், வெள்ளிகளிலும், ஈஸ்டருக்கு முந்தைய ஏழு வாரங்களிலும், நவம்பர் 28 முதல் ஜனவரி 6 வரையும் இறைச்சி, பால், முட்டை மூன்றையும் விலக்குவார்கள். (அவர்களுக்குக் கிறிஸ்துமஸ் ஜனவரி 7.) நம் வீட்டில் அமாவாசை, கிருத்திகைக்குத் தனிச் சமையல் உண்டல்லவா, அது போல அவர்களுக்கும் தனிச் சமையலே இருக்கிறது. ரொட்டிக்கடையிலும் சாப்பாட்டுக் கடையிலும் 'போஸ்னோ இமா?' என்று கேட்டால், இருப்பதை எடுத்துக் காட்டுவார்கள்.

ஒரு எச்சரிக்கை: மீனை விரதத்தில் சேர்த்துக்கொள்ளும் நாள்கள் உண்டு. ஆகவே 'பெஸ் ரிபே' (மீன் வேண்டாம்), 'பெஸ் மேசா' (இறைச்சி வேண்டாம்) என்றும் சொல்லிவிடுங்கள்.

என்ன கிடைக்கும்? ப்ரெப்ரானாட்ஸ்: பெரிய வெள்ளை மொச்சை போன்ற பீன்ஸை நிறைய வெங்காயத்தோடு அடுப்பில் மணிக்கணக்காக வைத்து எடுப்பது. சில இடங்களில் உப்புக்கண்டப் பன்றி இறைச்சி சேர்ப்பார்கள், கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். அய்வார்: சுட்ட குடைமிளகாயைத் தோலுரித்து, சிலர் கத்திரிக்காயும் சேர்த்து, எண்ணெயில் சுருளக் கிளறிய தொக்கு. நம் சுட்ட கத்திரிக்காய்த் துவையலுக்குச் சிற்றப்பன் மகன் என்றே சொல்லலாம். காளான், உருளை, பூசணி வைத்து மெல்லிய மாவுத் தகட்டில் சுருட்டிய பிட்டா. பால் சாப்பிடுகிறவர்களுக்கு வழி இன்னும் அகலம்: வெண்பாலாடைக்கட்டி துருவிய ஷோப்ஸ்கா சாலட், பாலாடைக்கட்டி வைத்த புரெக் என்ற அடுக்கு மாவுப் பலகாரத்தோடு ஒரு குவளைத் தயிர். கைமாக் என்பது அசல் பாலாடை. சூட்டு ரொட்டியில் தடவினால் வெண்ணெய் தோற்கும்.

காரம் போதாது என்பீர்கள். 'ல்யூதோ' என்றால் காரம். பூண்டு போட்டு ஊறவைத்த சுட்ட பச்சைமிளகாய் கேளுங்கள்; கொண்டுவந்து வைப்பார்கள்.

அசைவத்தில் எதைச் சாப்பிடலாம்?

கரியில் சுட்டதைச் சாப்பிடுங்கள். செவாப்பி என்பது விரல் நீளக் கொத்துக்கறி உருண்டை; ப்லெஸ்கவிட்சா அதையே தட்டையாகத் தட்டியது. மாடும் பன்றியும் கலந்திருப்பது சகஜம் என்பதால், விலக்குகிறவர்கள் கேட்டே ஆக வேண்டும். 'கோவெதினா' மாடு, 'ஸ்வின்யெதினா' பன்றி, 'யாக்ன்யெதினா' ஆட்டுக்குட்டி, 'பிலேதினா' கோழி. கட்டாயம் சாப்பிட வேண்டியது சர்மா: புளித்த முட்டைகோஸ் இலையில் கறியும் அரிசியும் வைத்துச் சுருட்டி மெல்லிய தீயில் வேகவைப்பது. குளிர்காலத்துக்கானது. முதல் நாளைவிட மறுநாள் ருசி கூடும், மீன்குழம்பு மாதிரி.

கஃபானா என்றால் என்ன? ஓட்டலா, மதுக்கடையா?

இரண்டும்தான், அதற்குமேலும். காபிக்கடை என்ற துருக்கியச் சொல்லிலிருந்து வந்த பெயர். கட்டம்போட்ட மேசைவிரிப்பு, நெடுநேரச் சாப்பாடு, பாட்டு. யாரும் உங்களை எழுப்ப மாட்டார்கள். பில்லையும் கேட்காமல் கொண்டுவர மாட்டார்கள், கேட்க வேண்டும்.

சபோர்னா என்ற ஊரின் தலைமைத் தேவாலயத்துக்கு எதிரே ஒரு பழைய கஃபானாவின் பெயரே '?' என்ற குறிதான். கட்டடம் 1823ஆம் ஆண்டுக்குரியது. 1892இல் உரிமையாளர் 'தேவாலயத்தின் அருகில்' என்று பெயர் வைக்க, மதகுருமார் மதுக்கடைக்கு அந்தப் பெயரா என்று ஆட்சேபித்தார்கள். வேறு பெயர் கிடைக்கும்வரை இருக்கட்டும் என்று அவர் ஒரு கேள்விக்குறியை மாட்டினார். அது இன்றும் அப்படியே தொங்குகிறது. தாழ்வான முக்காலிகள், மரத்தூண்கள். ஒரு மதியம் அங்கே உட்காருங்கள்.

ஸ்கதார்லியா கல்பாவிய பழைய கலைஞர் தெரு. கவிஞர்களும் நடிகர்களும் கடன்சொல்லிக் குடித்த இடம். அங்கேயுள்ள 'மூன்று தொப்பிகள்' 1864இலிருந்து நடக்கிறது. இப்போது சுற்றுலாக் கூட்டம் அதிகம், விலையும் சற்றுக் கூடுதல். இருந்தாலும் ஒரு மாலை போகத்தான் வேண்டும். வாத்தியக்காரர்கள் மேசைக்கே வந்து வாசிப்பார்கள். பாட்டுக் கேட்டால் பணம் கொடுக்க வேண்டும். வேண்டாம் என்றால் முதலிலேயே சிரித்துத் தலையசையுங்கள். பக்கத்து மேசைக்காரர்கள் எல்லா வரியும் தெரிந்து, கண்ணீர் வழியச் சேர்ந்து பாடுவார்கள். அந்தப் பழம்பாடல்களுக்கு நடுவே நமக்கும் ஊர் ஞாபகம் வந்துவிடும்.

கஃபானாக்களில் இன்னமும் உள்ளேயே புகைபிடிக்கிறார்கள். குழந்தைகளோடு போகிறவர்கள் வெளி மேசை கேளுங்கள்.

ராக்கியா குடித்தே ஆக வேண்டுமா? குடிக்காதவர்களுக்கு என்ன?

கட்டாயம் ஏதும் இல்லை. ராக்கியா பழங்களிலிருந்து வடிக்கும் கடுஞ்சாராயம். பொதுவாக நாற்பது சதவீதம், அதற்குமேலும் இருக்கும். பிளம், ஆப்ரிகாட் என்று பல வகை. பிளம் ராக்கியா செய்யும் மரபை யுனெஸ்கோ 2022இல் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. சின்னக் கண்ணாடிக் குப்பியில் வரும். ஒரே மூச்சில் கவிழ்க்காமல் சிறிது சிறிதாகச் சுவைப்பதுதான் மரியாதை. 'ஷிவெலி' என்று சொல்லும்போது எதிரே இருப்பவர் கண்ணைப் பார்க்க வேண்டும்.

குடிக்காதவர்களுக்கு எலுமிச்சைச் சாறு, புளிப்புச் செர்ரிச் சாறு உண்டு. போஸா என்ற பானத்தைத் தேடிப் பிடியுங்கள்: சோள மாவைப் புளிக்கவைத்துச் செய்யும் கெட்டியான இனிப்புப் புளிப்புப் பானம். முதல் வாயிலேயே ஆடி மாதக் கூழ் நினைவு வந்தது எனக்கு. மேலே சொன்ன பெலிவான் கடையில் கிடைக்கும். காபி துருக்கிய முறை. வடிகட்டமாட்டார்கள், கடைசி மடக்கைக் கோப்பையிலேயே விட்டுவிடுங்கள். தெராஸியேயில் 1908இல் கட்டிய மாஸ்கோ ஓட்டலில் செர்ரியும் அன்னாசியும் பாதாமும் சேர்த்த 'மோஸ்க்வா ஷ்னித்' கேக் பெயர்போனது.

நதியில் மிதக்கும் கேளிக்கை விடுதிகள் பற்றிச் சொல்லுங்கள்.

அவற்றை 'ஸ்ப்லாவ்' என்பார்கள். தெப்பம் என்று பொருள். சாவா, டான்யூப் கரைகளில் கட்டிவைத்த மிதவைகள். சில அமைதியான மீன்சாப்பாட்டுக் கடைகள், சில விடியவிடிய ஆட்டம். பெரும்பாலும் மே முதல் செப்டம்பர்வரை அவற்றின் பருவம்.

நேரத்தைப் புரிந்துகொள்ளுங்கள். எட்டு, ஒன்பது மணிக்குத்தான் இரவுச் சாப்பாடு. நள்ளிரவுக்குமுன் தெப்பத்துக்குப் போனால் பணியாளர்கள் மட்டும் இருப்பார்கள். ஒரு மணிக்குக் களைகட்டி நாலு, ஐந்துவரை போகும். பல இடங்களில் மேசை முன்பதிவு வேண்டும். நுழைவுக் கட்டணம் பெரும்பாலும் இருக்காது. அரைக்கால் சட்டை, செருப்போடு போனால் வாசலிலேயே திருப்பிவிடுவார்கள். ஆண்கள் மட்டும் கூட்டமாகப் போனாலும் அதே கதைதான்.

அங்கே ஒலிப்பது பெரும்பாலும் டர்போஃபோக்: நாட்டுப்புற மெட்டும் மின்னிசையும் கலந்த பாட்டு. தொண்ணூறுகளில், போரும் பொருளாதாரத் தடையும் பணவீக்கமும் ஊரை நெரித்த நாள்களில் பெருகியது. அதைச் சகிக்க முடியாது என்கிற பெல்கிரேடுக்காரர்களும் ஏராளம். எனக்கும் ஒரு மணி நேரத்துக்குமேல் தாங்கவில்லை.

சத்தம் குறைவாக, பேசிக்கொண்டே இருக்க இடம் உண்டா?

அதுதான் என் விருப்பமும். ஸ்கதார்லியாவுக்குக் கீழே செட்டின்ஸ்கா தெருவில் பழைய மதுவாலை ஒன்றின் முற்றத்தைச் சுற்றிச் சின்னச் சின்ன அரங்குகள், பார்கள். மாணவர்களும் இசைக்காரர்களும் நடைபாதையில் நின்றே பேசிக்கொண்டிருப்பார்கள். அடுத்தது தொர்ச்சோல். 'நாலு வழி' என்ற துருக்கியச் சொல்லிலிருந்து வந்த பெயர், நம் நாற்சந்தி. துருக்கியர், யூதர், செர்பியர் கலந்து வாழ்ந்த பேட்டை. ஒருகாலத்தில் ஊரெங்கும் இருந்த மசூதிகளில் மிஞ்சிய பைராக்லி மசூதி இங்கேதான் இருக்கிறது. மரநிழலில் காபிக்கடைகள், அண்டை வீட்டு நாய்கள். அங்கே உட்கார்ந்து போகிற வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இரவு பதினொன்று ஆகிவிடும்.

பெண்கள் இரவில் தனியாக நடமாடலாமா?

மையப்பகுதியில் நள்ளிரவிலும் பெண்களும் குழந்தைகளும் நடப்பதைப் பார்க்கலாம். என் மனைவியும் மகளும் தனியே போய் வந்தார்கள், தயக்கமே இருக்கவில்லை. எங்கும்போல, கைப்பையும் கோப்பையும் கண்பார்வையில் இருக்கட்டும். தெரியாத ஆள் 'நல்ல கிளப் காட்டுகிறேன்' என்று அழைத்தால் போகாதீர்கள்.

அரசியல் ஊர்வலங்கள் நடக்கலாம். 2024 நவம்பர் 1 அன்று நோவி சாத் நகர ரயில் நிலையத்தின் கான்கிரீட் முகப்பு இடிந்து 16 பேர் இறந்ததைத் தொடர்ந்து, மாணவர்கள் பெரும் போராட்டம் நடத்தினார்கள். அப்படியொரு நாளில் நீங்கள் இருந்தால் சாலைகள் அடைபடும். ஒதுங்கி நடந்து போங்கள்.

ஊருக்குள் எப்படிப் போவது? பணம்?

2025 ஜனவரி 1 முதல் பேருந்து, டிராம் எல்லாம் இலவசம். டிக்கெட்டே இல்லை. மெட்ரோ ரயில் கிடையாது. மையப்பகுதி நடக்கும் தூரம்தான், ஆனால் மேடு பள்ளம். நல்ல காலணி வேண்டும். விமான நிலையத்தில் வலியவந்து அழைக்கும் டாக்சிக்காரர்களைத் தவிர்த்து, உள்ளே இருக்கும் டாக்சி முகப்பில் விலைச்சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நாணயம் தினார், ஒரு யூரோவுக்குச் சுமார் 117. யூரோவாகக் கொடுத்தால் கடைகள் வாங்காது. 'மெஞ்யாச்னிட்சா' என்ற பலகை போட்ட கடைகளில் மாற்றலாம். சாப்பாட்டுக் கடையில் பத்து சதவீதம் பக்‌ஷீஸ் வைப்பது வழக்கம். அவர்களும் 'பக்‌ஷிஷ்' என்றுதான் சொல்கிறார்கள்.

ஊருக்கு வெளியே அரைநாளில் எங்கே போகலாம்?

ஸெமுன். இன்று பெல்கிரேடின் பகுதி. முதல் உலகப்போர்வரை ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசின் எல்லை ஊர். ஓட்டு வீடுகள், சந்துகள், மேலே 1896ஆம் ஆண்டின் கார்தோஷ் கோபுரம். ஏறிப் பார்த்துவிட்டு டான்யூப் கரையில் இறங்கி, சிவப்பு மிளகுத்தூள் போட்ட ஆற்றுமீன் சூப் சாப்பிடுங்கள். கோடையில் பிள்ளைகளோடு போனால் ஆதா சிகான்லியா ஏரி. ஊரே அங்கே குளித்துக்கொண்டிருக்கும்.

கடைசி நாள் காலையில் நாலு மணி நேரம் இருக்கிறது. என்ன செய்ய?

கலெனிச் சந்தைக்குப் போங்கள். வ்ராச்சார் பகுதியில், புனித சாவா தேவாலயத்திலிருந்து நடக்கும் தூரம். சனிக்கிழமையானால் இன்னும் நல்லது. கிராமத்துப் பாட்டிகள் பாலாடைக்கட்டி, தேன், வீட்டு அய்வார் விற்பார்கள். கத்தியின் முனையில் வைத்து ருசி பார்க்கக் கொடுப்பார்கள். அய்வாரில் காரம் உள்ளதையும் இல்லாததையும் கேட்டு ஒவ்வொரு குப்பி வாங்குங்கள். அது கைப்பையில் போகாது. துணியில் நன்றாகச் சுற்றிப் பெட்டிக்குள் வையுங்கள். வீட்டில் சூடான தோசைக்கு அதைத் தொட்டுச் சாப்பிட்டுப் பாருங்கள்.